சொல்யூஷன் என்றால் கணக்கு

என் மூத்த மகள் கணக்கில் புலியாகிவிட்டாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. அப்போது அவள் பி.யு.சி. முதல் வருடம், அதாவது பிளஸ் ஒன். எங்கள் வீடு ஹெப்பகோடியில். பக்கத்தில் ஒரு கம்பெனியில் நான் மெஷின் ஓட்டுகிறேன். சாயங்காலமானால் மகள் மொட்டைமாடிக்குப் போய்த் தோழியிடம் போனில் கன்னடத்தில் பேசுவாள். காய்ந்த துணியை எடுக்கப் போகும்போதெல்லாம் என் காதில் விழுந்தது ஒரே பேச்சுதான். "சொல்யூஷன் இதியா? நாளெ தர்த்தியா?" சொல்யூஷன் இருக்கிறதா, நாளைக்குக் கொண்டுவருகிறாயா என்று கேட்கிறாள்.

எனக்குக் கணக்கு என்றாலே பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆகாது. நம் பிள்ளை இப்படித் தேடித் தேடி விடை கேட்கிறாளே என்று பூரித்துப்போனேன். கேன்டீனில் யார் எதிரே உட்கார்ந்தாலும் இந்தப் பெருமையைப் பரிமாறிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைப்பேன். எனக்கு வாய் நீளம், குரல் அதைவிடப் பெரிது. நான் வீட்டில் ஒரு சத்தம் போட்டால் தெருமுனை டீக்கடைக்காரர் எட்டிப் பார்ப்பார் என்பாள் மனைவி.

மகள் தலைவலி என்றாள். ராத்திரி பகலாகப் படித்தால் வலிக்காதா என்றேன். சாப்பாட்டை ஒதுக்கினாள், பரீட்சைப் பயம் என்றேன். வாயைச் சுற்றித் தோல் சிவந்து வெடித்திருந்ததற்கு மனைவி தேங்காய் எண்ணெய் தடவினாள். துப்பட்டாவில் பெயின்ட் மாதிரி ஒரு வாடை வந்தபோது நெயில் பாலிஷ் என்றாள் மகள், அதையும் நம்பினோம்.

கடைசியில் ஒருநாள் பி.யு.சி. கணக்குகள் எல்லாவற்றுக்கும் விடை போட்ட தடித்த கைடு ஒன்றை வாங்கி, பளபளப்புத் தாளில் சுற்றி எடுத்துவந்தேன். அவள் எதிரில் நீட்டி, வேண்டுமென்றே முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன்.

"சொல்யூஷன் சொல்யூஷன்னு அந்தப் பொண்ணுகிட்ட எதுக்கு கெஞ்சினு இருக்க? எனக்கு எல்லாம் தெரியும். இந்தா, அப்பாவே வாங்கினு வந்துட்டேன்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. பொட்டலத்தைத் தொடவில்லை. சுவரோடு ஒட்டி நின்றாள்.

"அடிக்காதப்பா. விட்டுடணும்னுதான் பாக்கறேன். முடியலப்பா."

"எதை விடறது? கணக்கையா?" என்றேன் நான். இன்றைக்கும் மனைவி இதைச் சொல்லிக் காட்டுவாள்.

மகள் தாளைக் கிழித்துப் பார்த்தாள். கைடைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னாள். பஞ்சர் ஒட்டுகிற பசை. அதன் வாடையை உறிஞ்சினால் தலை கிறுகிறுக்கும், கவலை மறக்கும் என்று தோழி பழக்கியிருக்கிறாள். அந்தப் பசைக்கு ஊரெல்லாம் சொல்யூஷன் என்றுதானே பெயர்? என் வண்டிக்கு ஒட்டும்போது "சொல்யூஷன் நல்லா போடுப்பா" என்று நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

என் கை ஓங்கிவிட்டது. மனைவி நடுவில் வந்து நின்றாள். அவள் தோளுக்குப் பின்னால் தெரிந்த மகளின் மெலிந்த முகத்தைப் பார்த்ததும் கோபமெல்லாம் வடிந்து, பயம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா சுற்றிவளைக்கவில்லை.

"நாள்பட்டாதான் கெடுதல்னு நெனைக்காதீங்க. மூளை, கிட்னி எல்லாம் அப்புறம். மொத தடவையே ஹார்ட் நின்னுபோன பிள்ளைங்க உண்டு." பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னொரு தடவை அந்தப் போதையில பாத்தீங்கன்னா, கத்தாதீங்க, தொரத்தாதீங்க. பயந்து ஓடினாலே ஹார்ட் தாங்காம போயிடலாம். அமைதியா காத்து வர்ற எடத்துல உக்கார வெச்சுட்டு ஆம்புலன்ஸ கூப்பிடுங்க."

மனைவி என்னைப் பார்த்தாள். என் குரலே என் பிள்ளைக்கு எமனாகலாம் என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்குக் குறைத்த குரலை நான் இன்னும் ஏற்றவில்லை. டீக்கடைக்காரர் எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

பழக்கம் சொன்னதும் போய்விடவில்லை. கவுன்சிலிங் போய்வந்தாள். ஒருமுறை சறுக்கினாள், அதை அவளே வந்து சொன்னாள். அன்றும் நான் கத்தவில்லை, உள்ளே எரிந்தது. மெல்ல மெல்லச் சோறு இறங்கியது, தோல் ஆறியது, தங்கையோடு சண்டை போடத் தொடங்கினாள். அந்தச் சண்டைச் சத்தம் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

போன மாதம் அவளை ஏற்றிக்கொண்டு ஆனேக்கல் போகிற வழியில் என் பழைய வண்டி பஞ்சர். தள்ளிக்கொண்டு போய்க் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் டியூபை உருவித் தேய்த்து, டப்பாவைத் திறந்தார். காற்று எங்கள் பக்கம் அடித்தது. அந்த வாடை வந்ததும் மகள் அசையாமல் நின்றாள். அவள் பார்வை டப்பாவின் மேலேயே இருந்தது. எனக்குத் தொண்டை வரை சத்தம் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"அப்பா, நான் அந்தப் பக்கம் போய் நிக்கறேன்" என்றாள். ரோட்டைத் தாண்டி, இளநீர் வண்டியருகே போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"சொல்யூஷன் ஒணகபேக்கு சார், ஐது நிமிஷ" என்றார் கடைக்காரர். காய வேண்டுமாம், ஐந்து நிமிஷம். நானும் ரோட்டைத் தாண்டி அவளிடம் போனேன். இரண்டு இளநீர் வெட்டச் சொன்னேன்.

அவள் கண்கள் கலங்கியிருந்தன. பாதி குடித்துவிட்டு, திடீரென்று சிரித்தாள்.

"ஏம்பா, அந்த கைடுல பதினோராவது பக்கத்துலயே கணக்கு தப்பு. யாருகிட்டப்பா ஏமாந்த?"

அவள் அதைத் திறந்து பார்த்திருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.