நஸ்ரீன் பாஜிக்குத் துணை

பல்கலைக்கழகம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, சூடேற்றியின் மேல் காயப்போட்ட ஈரக் கம்பளிக் கையுறைகளிலிருந்து எழும் மணம். எனக்கு அப்போது ஒன்பது வயது. வாரத்தில் சில மாலைகள் டொரொண்டோ நகர நடுவிலிருந்த ஒரு விரிவுரை மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பூனை வரைந்துகொண்டிருப்பேன். முன்னால் ஒருவர் ஈரலின் வேலைகளைப் பற்றி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பார். பக்கத்தில் நஸ்ரீன் பாஜி தலை நிமிராமல் எழுதுவார். நோன்பு மாதமென்றால், ஜன்னலுக்கு வெளியே இருட்டியதும் மேசைக்கு அடியில் ஒரு பேரீச்சம்பழத்தைப் பிய்த்துப் பாதியை எனக்குத் தருவார்.

சென் ஜேம்ஸ் ரவுணின் உயர்ந்த கட்டடமொன்றில் எங்கள் வீட்டுக்கு எதிர்க்கதவு அவர்களுடையது. பாகிஸ்தானிலிருந்து வந்த குடும்பம். "பாஜி" என்றால் அவர்களுடைய மொழியில் அக்கா. அவருடைய தாயை நான் "காலா" என்பேன், அது சின்னம்மா மாதிரி ஒரு முறை. பாஜியின் தகப்பனாருக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. சாதுவான மனிதர். ஆனால் அந்த வீட்டின் முடிவுகளை எடுத்தவர் மிசிசாகாவிலிருந்த அவருடைய தமையனார்தான். படிப்பு கூடினால் மாப்பிள்ளை குறையும் என்பது தமையனாரின் கட்சி. அவருடைய மனைவியின் அண்ணன் மகன் ஒருவன் ஏற்கெனவே தயாராக இருந்தான்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் வந்தது. பாஜி படிக்கலாம், தனியாகப் போகக்கூடாது, ஒரு பாடத்தில் தவறினாலும் படிப்பு நிற்கும், கல்யாணம் நடக்கும். துணைக்குப் போக அந்த வீட்டில் வேறு பிள்ளைகள் இல்லை. காலா குளிர்காலத்தில் கணவரில்லாமல் வாசல் தாண்டியதே இல்லை. பாஜி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "உவையின்ர வீட்டுப் பிரச்சினைக்குள்ள நாங்கள் ஏன் தலையைக் குடுக்கிறது?" என்றார்.

"எங்கட சனம் மட்டும் என்ன திறமோ?" என்று அம்மா திருப்பிக் கேட்டா. "நான் ரியூசனுக்குப் போகேக்க சைக்கிள் பாரில தம்பியை ஏத்தித்தானே அனுப்பினவை. அவன் போய் அங்க நித்திரை. பிள்ளை போகட்டும். படம் கீறிக்கொண்டு இருப்பாள்."

அப்படித்தான் நான் துணையானேன். பகல் வகுப்பென்றால் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன் என்பதால் பாஜி மாலைப் பாடங்களை மட்டுமே தேர்ந்தெடுத்தார். இருபது வயதுப் பெண்ணின் பல்கலைக்கழக அட்டவணை நாலாம் வகுப்பு மணி அடிக்கும் நேரத்தைப் பார்த்து எழுதப்பட்டது. எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை. சப்வேயில் பாஜியின் கையை நான்தான் பிடித்துக்கொள்வேன். கட்டடத்தில் மிசிசாகாவின் ஆட்கள் இருந்தார்கள். லிஃப்டில் யார் யாரோடு இறங்கினார்கள் என்பது அன்றைக்கே அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

டிசம்பர்ப் பரீட்சை வந்த வாரம் என் வயிற்றில் முதல் கொப்புளம் எழும்பியது. "அம்மாள் வந்திட்டா" என்றா அம்மா. தமிழ்க் கடைக்குப் போய் வேப்பிலை வாங்கி வந்து கதவில் செருகினா. தண்ணீர் வார்க்கும்வரை பிள்ளை வாசல் தாண்டக்கூடாது, தாயும் பிள்ளையை விட்டுப் போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம்.

மறுநாள், பரீட்சை நாள். மத்தியானம் கதவு தட்டப்பட்டது. திறந்தால், கையில் ஒரு தட்டு ரவை அல்வாவோடு காலா. பொங்கலன்று எங்கள் கதவில் மாவிலை தொங்கியதும் அம்மா அவர்களுக்குப் பொங்கல் கொடுத்ததும் அவருக்கு நினைவிருந்தது. இலையைக் கண்டால் பெருநாள் என்று முடிவுகட்டிவிட்டார்.

"முபாரக், முபாரக்!" என்று சிரித்தார்.

"ஐயோ, நோ முபாரக்!" அம்மா தட்டையும் வாங்காமல் காலாவின் கையையும் விடாமல் நின்றா. "சிக்கன் பொக்ஸ்! பிள்ளைக்கு சிக்கன் பொக்ஸ்!"

காலாவுக்குப் பின்னால் பாஜி புத்தகத்தோடு நின்றார். அவருக்கு விளங்கிவிட்டது. முகம் வெளுத்தது. எங்களிடம் பொறுக்கிய தமிழில், "பரவாயில்லை அன்ரி" என்றார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தகப்பனார் வேலைக்குப் போய்விட்டிருந்தார். அம்மா அசையமுடியாது. வேறு யாரும் இல்லை.

காலா உருதுவில் ஒரு கேள்வி கேட்டார். காலா அதையே மறுபடியும், சற்று உரக்கக் கேட்டார். பரீட்சை எத்தனை மணிக்கு என்பதுதான் கேள்வி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

காலா தன் வீட்டுக்குள் போய்த் திரும்பி வந்தபோது கணவரின் பழைய குளிர்க்கோட்டைப் போட்டிருந்தார். கைகள் நீண்டு விரல்களை மூடியிருந்தன. தலையில் முக்காடு, காலில் கணவரின் சப்பாத்து.

"சப்வே ரெயின் இழுக்கும், கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ" என்று அம்மா பதற்றத்தில் தமிழிலேயே சொன்னா. காலா "அச்சா, அச்சா" என்று தலையாட்டினார்.

நான் போர்வையோடு ஜன்னலுக்கு ஓடினேன். கீழே பனிச்சேற்றில் இரண்டு உருவங்கள் போயின. மகள் தாயின் முழங்கையைப் பிடித்திருந்தாள். யார் யாருக்குத் துணை என்று மேலிருந்து பார்த்தால் தெரியவில்லை.

அன்றிரவே மிசிசாகாவிலிருந்து தொலைபேசி வந்ததாம். தகப்பனார் "ஜீ, ஜீ" என்று கேட்டுக்கொண்டிருந்தார். காலா அதை அவர் கையிலிருந்து வாங்கி, "அவளோடு போனது நான். கேட்பதை என்னிடம் கேளுங்கள்" என்றார். அந்த வீட்டில் கணவரின் தமையனாரோடு காலா நேரடியாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான் என்று பாஜி பின்பு எனக்குச் சொன்னார்.

பாஜி பரீட்சையில் சித்தியடைந்தார். தண்ணீர் வார்த்து, பொருக்கு உதிர்ந்து, அடுத்த பருவத்தின் முதல் வகுப்புக்கு வண்ணப் பென்சில்களோடு நான் எதிர்க்கதவைத் தட்டினேன். காலா புதிதாக வாங்கிய தன் சொந்தக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். "நீ வீட்டில படி, கண்ணா" என்றார் பாஜி. வேலை பறிபோன துக்கத்தில் நான் ஓவென்று அழுதேன். காலா கடைசி வருடம்வரை போனார். நான் பூனை கீறிய வரிசையில் அவர் கம்பளி பின்னினாராம்.

பாஜி மேலும் படித்து முனைவரானார். கல்யாணமும் செய்தார், முப்பது தாண்டி, தனக்குப் பிடித்தவரை. இப்போது மிசிசாகாவிலேயே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. காலாவும் அவர் கணவரும் இன்று உயிரோடு இல்லை. அந்தத் தளத்தில் எங்களைத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. படிக்கப் போகும் பெண்ணோடு ஒரு குழந்தையை அனுப்பும் வழக்கத்தைச் சொன்னால் என் மருமக்கள் நான் கதைவிடுவதாக நினைக்கிறார்கள்.

இந்த செப்டெம்பரில் பாஜியின் மகள் ஹலிஃபக்ஸுக்குப் படிக்கப் போனாள். முதல் வாரம் தானும் கூட வந்து அறையை ஒழுங்குபடுத்தித் தருவதாகப் பாஜி சொல்லிப் பார்த்தார். "அம்மா, ப்ளீஸ், ஒருத்தரும் அம்மாவோட வாறதில்லை" என்று ஆங்கிலத்தில் முடித்துவிட்டாள் மகள். விமான நிலையத்தில் ஒருமுறை கையசைத்துவிட்டு, தொலைபேசியைப் பார்த்தபடியே சோதனை வரிசைக்குள் போனாளாம்.

"அவளுக்கு யாரிடமும் அனுமதி கேட்கவேண்டி இருக்கவில்லை," என்று பாஜி அன்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார். "கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து நன்றாக ஒருமுறை அழுதேன். பிறகு வேலைக்கு வந்துவிட்டேன்."