கறக்கும் நேரத்தில் ஒரு கூட்டம்

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியின் பொதுக்குழு எப்போதும் மாலை நான்கு மணிக்குத்தான் கூடும். கறவை நேரமும் அதுதான். மாடு கறக்காதவர்களுக்கு அந்த நேரத்தில் வேலை கிடையாது. கறப்பவர்களுக்கு வேறு எதற்கும் நேரம் கிடையாது. எழுபதுகளில், பாலக்காட்டுக்குக் கிழக்கே, எல்லைக்குக் கேரளப் பக்கம் இருந்த எங்கள் ஊரில் உறுப்பினர்கள் எல்லோரும் ஆண்கள், கறந்தவர்கள் எல்லோரும் பெண்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

பிற்பாடு நான் கூட்டுறவுத் துறையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஆகவே பொறுப்போடு சொல்கிறேன்: துணைவிதிகளில் 'ஆண்' என்ற சொல்லே இல்லை. தேவைப்படவில்லை. பால் ஊற்றுகிற யாரும் உறுப்பினராகலாம். ஊற்றுவது யார் என்று கேட்டால் வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பசுவுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்து கறப்பது என்று என் அப்பாவுக்குத் தெரியாது. சொசைட்டியின் மலையாளத்தில் அவர் க்ஷீரகர்ஷகன், அதாவது பால் விவசாயி. சாணி அள்ளி, சோளத்தட்டு அறுத்துப் போட்டு, கறந்து, சொசைட்டி வரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்த அம்மாவுக்குப் பெயர் எதுவும் இல்லை. அவள் செய்தது 'ஒத்தாசை'.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கோடையில் பொதுக்குழுவுக்கு அறிவிப்பு வந்தது. வெயிலுக்கு முன் பால் லாரி பாலக்காடு போய்ச் சேர வேண்டுமாம். காலையில் ஆறு மணிக்கு எடுக்கிற பாலை இனி நாலரைக்கே எடுக்கப் போகிறார்கள். நாலரைக்கு ஊற்ற வேண்டுமானால் மூன்றுக்கு எழ வேண்டும். படுப்பது எப்போது என்பது அறிவிப்பில் இல்லை.

"ஏனுங்க, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிப் போடுங்க," என்றாள் அம்மா.

"சொல்லறேன், சொல்லறேன்." அப்பா வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

அந்தச் 'சொல்லறேன்' எந்த ரகம் என்று அம்மாவுக்குத் தெரியும். பசுவை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள். கன்றை என்னிடம் கொடுத்தாள். நேரே சொசைட்டிக்கு நடந்தோம். வாசல் புங்க மரத்தில் பசுவைக் கட்டியதும் அது மடி கனம் தாங்காமல் கத்தத் தொடங்கியது. உள்ளே பிரசிடெண்டின் பேச்சு நின்றது.

"மாடும் மெம்பராயிருச்சாட்ட இருக்குது," என்றார் ஒருவர். சிரிப்பு.

பிரசிடெண்ட் வாசலுக்கு வந்தார். "ஏனுங்க அம்மிணி, இதென்ன, மாட்டைக் கூட்டிட்டு வந்துட்டீங்க?"

"கறக்கற நேரத்துல கூட்டம் வெச்சா அதையும் கூட்டிட்டுத்தானுங்க வரோணும். மூணு மணிக்கு எந்திரிக்க எங்களால ஆகாதுங்க."

"உங்க ஊட்டுக்காரருதான் உள்ள இருக்கறாரே. மெம்பரு சொல்லட்டுங்க."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. "நீ ஊட்டுக்குப் போ புள்ள," என்றார். பிறகு ஓட்டுக்கு விட்டார்கள். முதலில் உயர்ந்த கைகளில் அப்பாவுடையதும் ஒன்று.

தீர்மானம் 'ஐககண்ட்யேன' நிறைவேறியதாகச் செயலாளர் மலையாளத்தில் எழுதிக்கொண்டார். ஒரே குரலில் என்று பொருள். பசு அப்போதும் கத்திக்கொண்டிருந்தது. அதன் குரல் பதிவாகவில்லை, அம்மாவின் குரலும்தான்.

திரும்பும் வழியில் அம்மா அப்பாவிடம் ஒன்றுதான் சொன்னாள்: "தூக்குன கையிலயே நாளைக்குக் கறந்துருங்க."

மறுநாள் மூன்று மணிக்கு அவள் எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள், தூங்கவில்லை. அப்பா குறட்டை விட்டார். வழக்கம்போலக் கறந்து ஆறுக்குப் பாலைக் கொண்டுபோனபோது லாரி போயிருந்தது. "ஊரே ஊத்துது, உனக்கு மட்டும் என்ன கேடு?" என்றார் அப்பா. பால் காசில்தான் என் கல்லூரிச் சம்பளம் போய்க்கொண்டிருந்தது. அதை அவர் நினைவுபடுத்தினார், என் முன்னாலேயே.

அதற்கடுத்த நாளிலிருந்து அம்மா மூன்றுக்கு எழுந்தாள். இதைத் தியாகம் என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தியாகம் என்றால் செய்கிறவரிடம் ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பார்கள். அவளை ஓட்டெடுத்து எழுப்பினார்கள்.