காகங்கள் அறிந்த முகம்

மாலை ஐந்து நாற்பதுக்குப் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கிய என் மகளைச் சாம்பல் கழுத்துக் காகங்கள் துரத்துவதை மாடியிலிருந்து பார்த்தேன். முந்தின நாள், கீழே விழுந்த குஞ்சொன்றை அவள் தூக்கியிருந்தாள். பதறிப்போய்ப் படியிறங்கினேன்.

சிறுவயதில், புக்கிட் பெலண்டோக் தோட்டத்தில் நானும் அப்படியொரு குஞ்சைத் தொட்டேன். அதன்பின் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேர் நடுவிலும் காகங்கள் என் தலையை மட்டுமே கொத்தின. அக்காவின் சட்டையைப் போட்டுப் பார்த்தேன், அவை ஏமாறவில்லை. முன்னோர்களின் கோபமென்று நினைத்து அம்மா சோறு வைத்தார். தின்றுவிட்டு மறுபடியும் என்னையே கொத்தின.

"ஒம் மூஞ்சிய மனப்பாடம் பண்ணிருச்சுலா!" என்று அப்பா வியந்தார். ஒரு பறவைக்கு என்னைத் தெரியும் என்பது இன்றும் சிலிர்க்க வைக்கிறது.

மூன்றாம் மாடியில் மகள் எதிரே வந்தாள். தலையைத் தடவிப் பார்த்தேன், காயமில்லை.

"பையில இருந்த மாஸ்க்க போட்டேம்மா. நான் யாருன்னே தெரியல அதுங்களுக்கு!"