ஒரு சைஸ் பெரிய புத்தகம்

புத்தகங்களுக்கு முன்னால் போய் நின்றாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். போன மாதம் வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி போட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கான மேஜையில் மூன்றிலிருந்து ஐந்து, ஆறிலிருந்து எட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு என்று வயது எழுதி அடுக்கியிருந்தார்கள். என் மகளுக்கு எட்டு முடியப் போகிறது. எட்டில் எடுத்தால் இரண்டு நாளில் முடித்துவிட்டு மூலையில் போட்டுவிடுவாளோ, ஒன்பதில் எடுத்தால் பயந்துபோய் புத்தகத்தையே வெறுத்துவிடுவாளோ என்று இரண்டு வரிசைக்கும் நடுவில் நெடுநேரம் நின்றேன். நானே ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எது நல்ல புத்தகம் என்று தீர்மானிக்கிற தைரியம் எனக்கு எங்கிருந்து வரும்? கடைசியில் விற்கிற பெண்ணிடம், "பெருசா போயிட்டா மாத்திக் குடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். "இது இன்னா சுடிதாராக்கா? சரி, எடுத்துக்கினு வாங்க, மாத்தித் தரேன்."

அந்தக் கேள்வி எங்கள் கடையில் நான் தினமும் கேட்டு வளர்ந்த கேள்வி.

திருக்கனூர் கடைத்தெருவில் என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஒரு சின்ன ரெடிமேட் கடை இருந்தது. அளக்கிற டேப் அவர் கழுத்தில் சும்மா தொங்கும். அதை எடுத்து அவர் யாரையும் அளந்து நான் பார்த்ததில்லை. கரும்பு வெட்டு முடிந்து கையில் காசோடு வருகிற குடும்பங்களில், அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பிள்ளையின் ஒரு காதைப் பார்த்தே இருபத்தாறு என்பார், இருபத்தெட்டு என்பார். அது தப்பியதே இல்லை. அடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இந்த வருஷத்துக்கா, ரெண்டு வருஷத்துக்கா?" எல்லோரும் இரண்டு வருஷத்துக்கே கேட்பார்கள். ஒரு சைஸ் பெரிதாக எடுத்துக் கொடுப்பார். எட்டு நாளைக்குள், துவைக்காமல், விலைச் சீட்டு கிழியாமல் கொண்டுவந்தால் மாற்றியும் தருவார். சீட்டு கிழிந்துவிட்டால் அது அந்தப் பிள்ளையின் சட்டை, அவ்வளவுதான்.

அப்போது எனக்கு எட்டு வயது. அரைப் பரீட்சை லீவில் ஒரு செவ்வாய்க்கிழமை, பாண்டிக்குச் சரக்கெடுக்கப் போன அத்தா அண்ணன், நான், தம்பி மூன்று பேரையும் கூடவே கூட்டிக்கொண்டு போனார். சரக்கெடுத்த பிறகு, என்ன தோன்றியதோ, புத்தகக் கண்காட்சிக்குள் நுழைந்தார். அவர் ஐந்தாவது வரைதான் படித்தவர். உள்ளே போனதும், எங்கள் கடைக்கு வருகிற பிள்ளைகளைப் போல, ஒரு தூணுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எட்டு வயசுக்கு எது?" என்று கேட்டார்.

கடைக்காரர் ஒரு வாத்துப் புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். குடை பிடித்த வாத்து. கொட்டை எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் படம். நின்றபடியே நான்கு பக்கம் படித்துவிட்டேன். குடை காற்றில் பறந்துவிட்டது, வாத்து அழுதுகொண்டு நிற்கிறது, ஐந்தாவது பக்கத்தைத் திருப்பப் போகிறேன். அத்தா அதை வாங்கிப் பின் அட்டையைப் பார்த்தார்.

"ஆறு டு எட்டா? இது இந்த வருஷத்தோட பத்தாம போயிடுமே. அடுத்தது குடுங்க."

அப்படித்தான் எங்கள் மூன்று பேருக்கும் ஒரு சைஸ் பெரிய புத்தகங்கள் வந்தன. நான்கு வயதுத் தம்பிக்கு ஏழு வயதுப் பிள்ளையின் புத்தகம். அவன் பஸ்ஸிலேயே விலைச் சீட்டைப் பிய்த்து நெற்றியில் ஒட்டிக்கொண்டான். பதின்மூன்று வயது அண்ணனுக்குப் பெரியவர்கள் படிக்கிற, மோட்டார் ரிப்பேர் பற்றிய ஒரு புத்தகம். எனக்கு எண்பது பக்கம், பொடி எழுத்து, பத்துப் பக்கத்துக்கு ஒரு படம். அந்தப் படத்திலும் தண்ணீர் மட்டுமே இருந்தது.

வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். ஒன்றும் ஏறவில்லை. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: எட்டு நாளைக்குள், சீட்டு கிழியாமல், மாற்றிவிட வேண்டும். கண்காட்சி இன்னும் பத்து நாள் நடக்கும். அத்தா அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் பாண்டிக்குப் போவார்.

அதுவரை புத்தகத்தைப் புதிதாகக் காப்பாற்றுவதுதான் என் வேலை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பாவாடையில் துடைக்காமல் காற்றில் உலர்த்தி, அட்டை மடங்காதபடி ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் பாதிதான் தெரியும். பாதி வரியைப் படித்துவிட்டுக் கதை புரியவில்லை என்று கவலைப்பட்டேன்.

"இன்னாடி, புக்குக்குள்ள பாம்பு கீதா?" என்றான் அண்ணன். "உனக்கு அந்த வாத்தே போதும். நீ வளரவே மாட்ட."

அத்தாவிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அதற்குள் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கியிருந்தார். வேட்டி எடுக்க வந்த ஒரு விவசாயியிடம், "எம்பொண்ணுக்கு எட்டுதான் ஆவுது, பத்து வயசு புக்கு படிக்கறா" என்றார். அந்த மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்து, "படி பாப்பா, நல்லா படி" என்று தலையில் கை வைத்தார். எனக்குக் காது சுட்டது. இதற்கு மேல் எப்படிப் போய், எனக்கு அது பெரிது என்று சொல்வது? அம்மாவிடம் சொன்னேன்.

"உங்கத்தாகிட்ட நீயே சொல்லு. கடிச்சா தின்னுடுவாரு?" என்று அம்மா அரிசி களையப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில், அத்தா முகம் கழுவுகிற நேரம் பார்த்து, அவருடைய ரெக்சின் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் புத்தகத்தை வைத்தேன். உள்ளே ஒரு துண்டுத் தாள்: "அத்தா, சைஸ் பெரிசு. வாத்து புக்கு மாத்தவும். ஸ்டிக்கர் கிழியல."

அன்று முழுவதும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். கோபித்துக்கொள்வாரோ, அந்தக் கடைக்காரர் வாத்தை வேறு யாருக்காவது விற்றிருப்பாரோ, எனக்காக அத்தா அங்கே போய் அவமானப்பட்டு நிற்பாரோ. சாயங்காலம் துணி மூட்டைகள் இரண்டோடு வந்து இறங்கினார். பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். அதே புத்தகம். அட்டையின் நடுவில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். விலைச் சீட்டு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தடம்தான் இருந்தது.

"கிழிச்சிட்டீங்களா?"

"கிழிஞ்சிடுச்சுடி. இனிமே எங்க மாத்தறது?"

நான் அழத் தொடங்கினேன். வாத்து போயிற்று, குடையும் போயிற்று. அத்தா மூட்டையின் முடிச்சை அவிழ்த்தபடியே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"வரும்போது மூலக்குளத்துல பஸ்ஸு நவுரவே இல்ல. சும்மா இருக்கறமேன்னு பிரிச்சுப் பாத்தேன். ஒரு பையன்டி. அவங்கத்தாவோட படகு, கயிறு அறுந்து ஆத்தோட போயிடுது. இவன் யாருகிட்டயும் சொல்லாம கரையோரமாவே தேடிக்கினு போறான். சோறு கூட எடுத்துக்கல."

"யாருகிட்டயும் சொல்லலியா?"

"சொன்னா திட்டுவாங்கன்னு பயம் அவனுக்கு."

அழுகை கொஞ்சம் நின்றது. "படகு கெடச்சுதா?"

"யாருக்குத் தெரியும்? வில்லியனூர்ல ஒரு பொம்பள கைக்கொழந்தையோட ஏறுச்சி, எடம் குடுத்துட்டு எழுந்துட்டேன். நின்னுக்கினு எங்க படிக்கறது? நீ படிச்சிட்டு சொல்லு."

சீட்டு கிழிந்த பொருளை இனி எப்படி வேண்டுமானாலும் திறக்கலாம். நன்றாக விரித்து வைத்து, முழு வரியாகப் படித்தேன். பையன் போன இடம் வரைக்கும் எனக்குக் கதை தெரிந்திருந்ததால் வழி தவறவில்லை. தெரியாத வார்த்தைகளை அத்தாவிடம் கேட்டால், "எனக்கு மட்டும் தெரியுமா? தாண்டிப் போ, பின்னால தானா வெளங்கும்" என்பார். லீவு முடிந்த பிறகும், மத்தியான மணி அடித்ததும் ஓடிவந்து, சோற்றுக் கேரியரோடு கடைக்குப் போய், அவர் சாப்பிடுகிற நேரத்தில் அன்றைக்குப் படித்ததைச் சொல்வேன். "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். ஒரு நாள் அவசரத்தில் இரண்டு பக்கத்தை விட்டுவிட்டுச் சொன்னேன். அவர் பிசைவதை நிறுத்தினார்.

"ஏண்டி, அவ்ளோ பெரிய ஆறு. நடுவுல ஒருத்தரும் வரலியா? பரிசல்காரர் யாராவது?"

திரும்பிப் போய்ப் பார்த்தால் பரிசல்காரர் இருந்தார். படிக்காமலேயே சொல்கிறாரே என்று அத்தாவின் மூளையை நினைத்து ஆச்சரியப்பட்டேன். அண்ணனிடமும் பெருமையாகச் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

பதினாறு நாள் ஆயிற்று. படகு கிடைத்த இடத்தைக் கடையில் நின்று நான் சொன்னபோது அத்தா, "அட! அங்கயா இருந்துச்சு?" என்று கை தட்டினார். வாடிக்கையாளர் ஒருவர் சட்டை பிரித்துப் பார்ப்பதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

படகு கிடைக்கிற அந்தக் கடைசிப் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. நான்காக மடித்து, பக்கத்தின் இடுக்கில் ஆழமாகச் செருகியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். பாண்டியிலிருந்து திருக்கனூருக்கு, அந்தச் செவ்வாய்க்கிழமை டிக்கெட். டிக்கெட்டை இப்படிக் கொண்டுபோய்ப் புத்தகத்தின் கடைசியில் வைத்திருக்கிறாரே, வழியில் செக்கர் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எல்லோர் முன்னாலும் அத்தாவை இறக்கிவிட்டிருப்பார்களே, இரண்டு மூட்டையோடு இருட்டில் எங்கே போய் நின்றிருப்பார்?

டிக்கெட்டை அவர் முன்னால் நீட்டி, நன்றாகத் திட்டினேன். "டிக்கெட்ட கையிலயே வச்சிருக்கணும் அத்தா. புக்குல வச்சா தேடினா கெடைக்குமா?"

அத்தா அதை வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மறந்துட்டேன்டி" என்றார். "இனிமே கையிலயே வச்சுக்கறேன்."