நாலு மணிக்கு அழுகிற சுவர்

சாரம் கட்டுகிறவர்களுக்கு ஒரு கட்டடத்தின் வாசல் தெரியாது. அவர்கள் வெளிச்சுவரைப் பிடித்து ஏறி, ஜன்னல் வழியாகவே உள்ளே போய்ப் பழகியவர்கள். பல்லியண்ணன் அந்த மலைக்கோட்டையில் இரண்டு வருடம் வேலை செய்தவர்தான். ஆனாலும் துவைத்த சட்டை போட்டு, கையில் நுழைவுச்சீட்டோடு வாசல் வழியாக நுழைந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவை.

பெயர் வந்த கதை சின்னது. பதினேழு வயதில், வேலைக்கு வந்த முதல் வாரம், மூன்றாவது மாடி உயரத்தில் கால்பலகை நழுவியது. பையன் விழவில்லை. சுவரின் இடுக்குகளில் விரலைச் செருகி, ஏணி வரும்வரை ஒட்டிக்கொண்டு நின்றான். "பல்லிக்குப் பொறந்தவன்டா இவன்!" என்று கீழேயிருந்து மேஸ்திரி கத்தினார். அன்றோடு சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியது. இப்போது வயது ஐம்பத்தெட்டு. நாற்பத்தொரு வருடத்தில் சாரத்திலிருந்து ஒருமுறைகூட விழுந்ததில்லை. கட்டிலிலிருந்து ஒருமுறை விழுந்திருக்கிறார். பல்லி சொன்னால் பலிக்கும் என்பார்கள். "எங்க வீட்டுப் பல்லி சொன்னா அதுக்கு நேரெதிராத்தான் நடக்கும்" என்பது மனைவியின் முப்பது வருட அனுபவம்.

அந்த அம்மா மூன்று வீடுகளில் சமையலும் துப்புரவும் பார்ப்பவர். "ரெண்டு வருஷம் அந்தக் கோட்டையே கதின்னு கெடந்தீங்களே, அப்படி என்னத்தைத்தான் கிழிச்சீங்கன்னு நான் பாக்க வேண்டாமா?" என்று எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பல்லியண்ணன் வெயில் என்றார், முட்டிவலி என்றார், கூட்டம் என்றார். கடைசியில் அந்த அம்மா தானே போய் இரண்டு சீட்டு வாங்கி வந்து சாப்பாட்டுத் தட்டின் அடியில் வைத்துவிட்டார். அதற்கு மேல் சொல்லச் சாக்கு இல்லை.

வாசலில் கறுப்புக் கல்லில் பொன்னெழுத்துகள். இருநூறு வருடம் முன்பு கடல் தாண்டி வந்து கோட்டையைக் கட்டச் சொன்ன ஆளுநர் தொடங்கி, சீரமைத்த கோட்டையைக் கத்தரிக்கோலால் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தவர் வரை பதினோரு பெயர்கள். மனைவி எழுத்துக் கூட்டி எல்லாவற்றையும் படித்தார்.

"இதுல கல்லு தூக்கினது யாருங்க?"

"யாருமில்ல."

"அப்ப கோட்டை காளான் மாதிரி தானா மொளைச்சிடுச்சாக்கும்!"

மலை ஏறியதும் பல்லியண்ணனுக்கு முட்டிவலி மறந்துவிட்டது. இந்த வளைவுக்குக் கீழேதான் கயிற்றில் தொங்கினேன், இந்த மூலையில்தான் மூன்று மாதம் மதியச் சாப்பாடு, இந்தச் சுண்ணாம்புப் பூச்சுக்குத்தான் அத்தனை பாடு என்று சுவர் சுவராகத் தட்டிக் காட்டினார். மனைவி ஒவ்வொன்றையும் கை வைத்துத் தடவிப் பார்த்தார், புதுப் பாத்திரம் வாங்குகிறவர் மாதிரி. கொத்தளத்தின் மேல் வந்ததும் கீழே விரிகுடாத் தண்ணீர் அக்கரை வரை விரிந்து கிடந்தது. காற்று தூக்கிக்கொண்டு போவதுபோல் அடித்தது.

"இவ்வளவு காத்தை வெச்சுக்கிட்டு, தினமும் வீட்டுக்கு வேர்வையோட வந்து நின்னீங்களே!"

பல்லியண்ணன் சிரித்துக்கொண்டே அக்கரையைக் காட்டினார். வெள்ளைக் குச்சியாக ஒரு பழைய கலங்கரை விளக்கம். அடுத்த சீரமைப்பு அதுதான். அதில் தலைமைச் சாரக்காரர் அவர் என்று, கோட்டை வேலையை மேற்பார்த்த பொறியாளர் அம்மாவே வாயால் சொல்லியிருந்தார். எத்தனையோ பேர் இருக்க அவரை எடுத்ததற்கு ஒரே காரணம், கோட்டை வேலையின் அறிக்கையில் இருந்த ஒரு வரி: சாரத் துளைகள் இருநூற்றுப் பன்னிரண்டு, அடைக்காமல் விட்டது ஒன்றுமில்லை.

இந்தத் துளைக் கணக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய கல்சுவரில் சாரம் கட்டும்போது, குறுக்குக் கம்புகளைச் சுவரில் உள்ள துளைகளில் செருகுவார்கள். வேலை முடிந்து கம்பை உருவியதும், துளைக்கு அளவாகச் செதுக்கிய அடைகல்லை உள்ளே தட்டிச் செருகி, மேலே சாந்து பூச வேண்டும். ஒரு துளை விட்டுப்போனாலும் மழைநீர் இறங்கும், வேர் இறங்கும், இருபது வருடத்தில் சுவர் பிளக்கும். துளையை மறந்தவனைச் சாரக்காரர்கள் தங்களில் ஒருவனாகவே சேர்ப்பதில்லை. பல்லியண்ணன் மறந்ததே கிடையாது என்று ஊரே சொல்லும்.

பல்லியண்ணன் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டார். சாரம் பிரித்த கடைசி நாள் வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தபோது, அடியில் ஓர் அடைகல் இருந்தது. கல்லும் துளையும் எண்ணிக்கை ஒன்றுதான். ஒன்று மிஞ்ச வழியில்லை. 'கல் செதுக்குகிறவன் ஒன்று கூடுதலாகச் செதுக்கியிருப்பான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கல் சமையலறைக் கதவுக்கு முட்டாக நின்று இவரைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தது.

காவல் கோபுரத்தின் வட்ட அறையில் இருபது பேர் கூடியிருந்தார்கள். சீருடை போட்ட வழிகாட்டிப் பையன் உதட்டில் விரல் வைத்து எல்லோரையும் அடக்கினான்.

"மணி நாலு ஆகப்போகுது. யாரும் பேசாதீங்க. இப்ப அழுவா."

"பேய்க்கு ஷிப்ட் கணக்கெல்லாம் உண்டா?" என்று மனைவி கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலக் காற்று தண்ணீரிலிருந்து எழுந்து கோபுரத்தில் மோதியது. கதவுக்கு மேலே, உத்தரத்தின் நிழலில் இருந்து ஒரு குரல் கிளம்பியது. மெல்லிய, நீளமான, தேம்பித் தேம்பி எழுகிற அழுகை. ஒரு குழந்தை அம்மாவின் மடியில் முகம் புதைத்தது. தொப்பி போட்ட ஓர் ஆள், "என் கழுத்துல சில்லுனு ஒரு கை பட்டுச்சுங்க" என்றார்.

வழிகாட்டி குரலைத் தாழ்த்தினான். "ஆளுநர் வீட்டு வேலைக்காரி. எஜமானியம்மாவோட மோதிரத்தைத் திருடிட்டா. பிடிபட்டதும் உயிரோட இந்தச் சுவத்துல வெச்சுக் கட்டிட்டாங்க. அன்னையிலேருந்து மன்னிப்புக் கேட்டு அழறா. திருடினா என்ன ஆகும்னு நமக்கெல்லாம் ஒரு பாடம்."

பல்லியண்ணன் பேயைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

ஆறு வருடம் முன்பு, மனைவி வேலை செய்த ஒரு வீட்டில் கம்மல் காணாமல் போனது. அந்த வீட்டுக்காரம்மா இவர் பையை வாங்கித் தரையில் கொட்டினார்: சாப்பாட்டு டப்பா, சீப்பு, பாதி தீர்ந்த தலைவலி மாத்திரை அட்டை. மூன்றாம் நாள் தலையணை உறைக்குள் கம்மல் கிடைத்தது. "கிடைச்சிடுச்சு" என்றார்கள். அவ்வளவுதான். கொட்டிய பையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாளிலிருந்து மனைவி அந்தத் தெருவிலேயே நடப்பதில்லை.

"தம்பி, அவ திருடினதைப் பாத்தது யாரு?" என்று மனைவி கேட்டார்.

"எனக்கென்னக்கா தெரியும்? தாள்ல எழுதிக் கொடுத்திருக்காங்க, மனப்பாடம் பண்ணிச் சொல்றேன்."

"அந்தத் தாளை எழுதினவன் வீட்டுல பாத்திரம் தேய்க்கிறது யாருன்னு கேட்டுப் பாரு. அவகிட்ட வேற கதை இருக்கும்." கணவன் பக்கம் திரும்பினார். "ஏங்க, ரெண்டு வருஷம் இங்கதானே கெடந்தீங்க? ஒரு நாளாவது இவ அழறதைக் கேட்டீங்களா?"

அந்த ஒரு கேள்வியில் பல்லியண்ணனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இதே அறையில் மதியத் தூக்கம் போட்டிருக்கிறார். குறட்டைச் சத்தம் தவிர வேறு சத்தம் கேட்டதில்லை. அப்போது எல்லாத் துளையிலும் கம்பு இருந்தது. மனைவியின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார்.

"அது பேய் இல்ல."

"அது எனக்கும் தெரியும். பின்ன என்ன?"

"நான்தான்."

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கதவுக்கு மேல ஒரு துளை. அடைக்காம விட்டுட்டேன். காத்து அதுல புகுந்து ஊதுது. நம்ம சமையலறைக் கதவுல முட்டா இருக்கே ஒரு கல்லு, அது இங்க இருக்க வேண்டியது."

"அடக் கடவுளே! நான் அதுல பூண்டு நசுக்கிட்டிருக்கேன்!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். கடவுள் பெயர் அந்தக் குடும்பத்தில் அதிர்ச்சிக்கு மட்டும்தான் பயன்படும்.

"அடுத்த வாரம் ஆளில்லாத நேரமா வந்து அடைச்சிடறேன். சத்தம் நின்னுடும்" என்றார் பல்லியண்ணன்.

"சத்தம் நிக்கும். திருடின்னு சொன்னது நிக்குமா? மன்னிப்புக் கெடைச்சுப் போய்ச் சேந்துட்டான்னு இன்னொரு தாள் எழுதுவாங்க. கடைசி வரைக்கும் அவ திருடிதான்."

பல்லியண்ணன் அக்கரையைப் பார்த்தார். வெள்ளைக் குச்சி வெயிலில் மின்னியது. நாற்பத்தொரு வருடம் சேர்த்த பெயர் அது. "பத்து நாள் முன்னாடியே திறக்கணும்னு மேலிடத்துல அவசரப்படுத்தினாங்க. அஞ்சு நாள்ல பிரிக்க வேண்டியதை ரெண்டு நாள்ல பிரிச்சோம்" என்றார், யாரிடமோ வாதாடுவதுபோல.

"அதையும் சேத்துச் சொல்லுங்க. பொய்யா என்ன?"

அவர் செருப்பைக் கழற்றினார்.

அறைக்குள் நுழைந்து, "எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். வழிகாட்டி தடுப்பதற்குள் கல் இடுக்குகளில் விரல் வைத்து, ஐம்பத்தெட்டு வயதுப் பல்லி கதவுக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது.

"ஐயா, இறங்குங்க! அபராதம் போடுவாங்க!"

பல்லியண்ணன் உத்தரத்தின் நிழலில் கையை நுழைத்து உள்ளங்கையை அழுத்தினார். அழுகை நின்றது. எடுத்தார், அழுதது. பாதி மூடினார், விசில் அடித்தது. இரண்டு விரலை விட்டு விட்டு எடுத்ததும் பேய் விக்கல் எடுக்க ஆரம்பித்தது. மடியில் முகம் புதைத்த குழந்தை தலையைத் தூக்கி, "இன்னொரு தடவை!" என்றது. பல்லியண்ணன் பேயை வைத்துக் கல்யாண ஊர்வலத்துக்கான ஒரு மெட்டையே ஊதிக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. தொப்பிக்காரர் மட்டும் கழுத்தைத் தடவிக்கொண்டு, "அப்ப அந்தக் கை?" என்று கேட்டார்.

"காத்துங்க. வாங்கின சீட்டுக்கு அதுவும் சேத்திதான்" என்றார் மனைவி.

பல்லியண்ணன் சுவரில் இருந்தபடியே சொன்னார்: "இது சாரத் துளை. அடைக்காம விட்டது நான். இங்க எந்தப் பொண்ணும் எதையும் திருடல. சுவத்துக்குள்ள யாரும் இல்ல. இந்தச் சுவரைக் கல்லு கல்லாப் பாத்தவன் நான், எனக்குத் தெரியும்."

அது உண்மை. இன்னொரு உண்மையும் உண்டு. இந்த மலைக்குச் சவுக்கடி வாங்கிக் கல் சுமந்து செத்தவர்களில் ஒருவர்கூட ஆவியாகத் திரும்பி வரவில்லை. வந்திருந்தால் அந்தக் கோட்டையில் நிற்க இடம் இருந்திருக்காது. அவர்களுக்காக ஒரு தாள் எழுதத் தோன்றாதவர்களுக்கு, இல்லாத ஒருத்தியைத் திருடியாக்க மட்டும் கற்பனை பொங்கி வழிகிறது.

"அண்ணே, என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!" என்று முனகிக்கொண்டே வழிகாட்டி தொலைபேசியை எடுத்தான். முற்றத்து அலுவலகத்திலிருந்து பொறியாளர் அம்மா வந்து சேர ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடமும் பல்லியண்ணன் கீழே இறங்கி வெறுங்காலோடு நின்றார். நடந்ததைச் சொல்லி முடித்ததும் பொறியாளர் துளையை அண்ணாந்து பார்த்தார்.

"அடைகல் எங்கண்ணே?"

"வீட்ல, மேடம். கதவுக்கு முட்டு."

"எட்டு மாசமாத் தெரியுமா?"

"தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்."

பொறியாளர் சிரிக்கவில்லை. "ஒண்ணுமில்லன்னு அறிக்கையில எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்ப ஒண்ணுன்னு மாத்தி எழுதணும்."

"எழுதுங்க, மேடம்."

"ரெண்டே நாள்ல பிரிக்க வெச்சாங்களே, அதையும் எழுதுங்கம்மா" என்றார் மனைவி. பொறியாளர் அவரைத் திரும்பிப் பார்த்து, மெதுவாகத் தலையசைத்தார். கலங்கரை விளக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டார்.

இறங்கும் வழியில் பல்லியண்ணனுக்கு முட்டிவலி திரும்ப வந்தது. மனைவி தன் பையிலிருந்து வறுத்த கடலையை எடுத்து அவர் கையில் திணித்தார். கறுப்புக் கல்லைத் தாண்டும்போது, "இன்னைக்கு நீங்க ஏறினதுதாங்க உயரம்" என்றார். முப்பது வருடத்தில் அவர் கணவனைப் பாராட்டிய மூன்றாவது சந்தர்ப்பம் அது. முதல் இரண்டும் பல்லியண்ணனுக்கு நினைவில்லை.

வியாழக்கிழமை பொறியாளரிடமிருந்து அழைப்பு வந்தது. கலங்கரை விளக்கத்துக்கு வரலாம். ஆனால் துளைகளைப் பல்லியண்ணன் எண்ணிய பிறகு இன்னொரு ஆளும் எண்ணுவார். பல்லியண்ணனுக்கு அது நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. இருந்தாலும், "நியாயந்தான், மேடம்" என்றார்.

மறு ஞாயிறு அந்தக் கல்லைக் கழுவி, பூண்டு வாசனை போகவில்லை என்றாலும் பரவாயில்லை என்று கொண்டுபோய், தட்டிச் செருகிச் சாந்து பூசினார். நாலு மணிக்குக் காற்று வந்தது. சுவர் வாயைத் திறக்கவில்லை. வழிகாட்டியின் கையில் புதுத் தாள் வரவில்லை. ஆகவே அவனே ஒன்று சொல்லிக்கொண்டிருந்தான். "புயல் அடிச்ச ஒரு ராத்திரி, நூறு அடி உயரத்துல, ஒத்தைக் கையால தொங்கிக்கிட்டே இந்தத் துளையை அடைச்சாரு ஒருத்தர்…"

"அடுத்த பேய் நான்தான் போலிருக்கு" என்றார் பல்லியண்ணன் வீட்டுக்கு வந்து.

மனைவி பதில் சொல்வதற்குள், ஜன்னல் காற்றுக்குச் சமையலறைக் கதவு டமாரென்று அடித்தது. திறந்தது. மறுபடி அடித்தது.

"ஊருல இருக்கிற பேயை ஓட்டிட்டு வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்துட்டீங்க" என்றார் மனைவி. "போய் ஒரு கல்லு தேடிட்டு வாங்க. அளவா இருக்கட்டும், பூண்டும் நசுக்கணும்."