விமலநாதன் பார்த்துச் சொன்ன கார்

ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுச் சுவரோடு ஒட்டிய வீடு விமலநாதன் அண்ணையுடையது. மொன்றியல் தமிழரில் பழைய கார் வாங்க நினைக்கிறவர்கள் வங்கிக்குப் போவதற்கு முன்னர் அவருடைய வாசலுக்குத்தான் வருவார்கள். கிழமை நாட்களில் அவருக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு பொருட்கிடங்கில் வேலை. சனி, ஞாயிறில் மற்றவர்களுக்குக் கார் பார்த்துக் கொடுப்பார். கூலி வாங்கமாட்டார். ஒரு தேத்தண்ணி கொடுத்து, சொன்னதற்கு மறுபேச்சுப் பேசாமல் இருந்தால் போதும். மறுபேச்சுப் பேசினவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாலும் அடுத்த முறை வரமாட்டார்.

இந்தப் பொறுப்பை அவர் தலையில் யாரும் சுமத்தவில்லை. தொண்ணூறுகளில் அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவிச் சேர்த்த காசில் ஒரு கார் வாங்கினார். வெளியே நல்ல பளபளப்பு. பெண்சாதி இந்திராதேவி அக்கா ஒரு மாசி மாதத்தில் கொழும்பிலிருந்து வந்து இறங்க, அதில்தான் ஏற்றிக்கொண்டு வந்தார். பாதி வழியில் அக்காவின் காலடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் பீச்சியடித்தது. இங்கே மாரி முழுவதும் றோட்டுக்கு உப்புப் போடுவார்கள், அது காரின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் தரையில் ஓட்டை, ஓட்டைக்குள்ளே றோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. புதுப் பெண்சாதியின் சேலை முழங்கால்வரை நனைந்துவிட்டது. அன்றிலிருந்து, தனக்குத் தெரிந்த ஒருவருக்கும் உக்கின கார் தலையில் கட்டப்படக்கூடாது என்று மனிதன் கங்கணம் கட்டிக்கொண்டார்.

அவர் கார் பார்ப்பதைப் பார்க்கவேண்டும். ஒரு காட்போட் அட்டையை நிலத்தில் போட்டு, கையில் ரோர்ச்சுடன் காருக்கு அடியில் புகுந்துவிடுவார். ஸ்குறூ டிரைவரின் பிடியால் தட்டிக் கேட்பார். கதவின் கீழ் விளிம்பை விரலால் தடவுவார். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற நயாகரா காந்தம் ஒன்றைக் கொண்டுபோய்க் காரின் உடம்பெல்லாம் ஒட்டிப் பார்ப்பார். ஒட்டாத இடத்தில் துருவை மறைக்கப் பட்டிவைத்துப் பூசியிருக்கிறான் என்று அர்த்தம். உள்ளே குனிந்து விரிப்பை மோந்து பார்ப்பார். விற்கிறவர் பிரெஞ்சுக்காரர் என்றால் இன்னும் விசேஷம், ஏனென்றால் அண்ணைக்குத் தெரிந்த பிரெஞ்சு துரு, பிறேக், எண்ணெய், விலை அதிகம் என்ற நாலு சொல்தான். அந்த நாலையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒருவரை அழவைப்பார்.

ஒரேயொரு கட்டுப்பாடு வைத்திருந்தார். கார் யாருக்கு என்று அவரிடம் சொல்லக்கூடாது. எங்கள் ஆட்களுக்குக் காரியம் கைகூடுமுன்னர் வெளியில் சொன்னால் கண்ணூறு பட்டுவிடும். முன்னொருமுறை அண்ணை கோயிலில் வாய் தவறி ஒருவர் கார் எடுக்கப்போகும் கதையைச் சொல்லிவிட, எடுத்த கிழமையே அந்தக் காரைப் பனி தள்ளும் வண்டி இடித்துவிட்டது. பழி முழுவதும் அண்ணையின் வாய்க்குத்தான் வந்தது. அதற்குப் பிறகு அவர் பெயரே கேட்பதில்லை, காரை மட்டும் பார்ப்பார்.

ஊருக்கெல்லாம் இப்படி நியாயவானாக இருந்த மனிதன் சொந்தப் பெண்சாதிக்குச் செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்திரா அக்கா சென் லோரோனில் ஒரு கார்டெரியில், சின்னப்பிள்ளைகளைப் பகலில் விட்டுப்போகிற இடத்தில், சமையல் உதவியாளர். அண்ணை ஒவ்வொரு காலையும் அவரைக் கிழக்கே கொண்டுபோய் இறக்கிவிட்டு, வந்த வழியே திரும்பி மேற்கே வேலைக்கு ஓடுவார். போன புரட்டாதியில் அங்கே தலைமைச் சமையற்காரி ஓய்வுபெற, அந்த இடத்தை அக்காவுக்குக் கொடுக்க முன்வந்தார்கள். நவம்பர் முதல் திங்களிலிருந்து காலை ஆறு மணிக்கு அவரே வந்து குசினியைத் திறக்கவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள். அந்த நேரத்துக்குப் பஸ் மாறிப் போய்ச்சேர ஏலாது. அண்ணைக்கும் நவம்பர் தொடங்கி மூன்று மாதத்துக்கு ஆறு மணிக்குத்தான் வேலை, பிறகுதான் பழைய நேரம். நான் கொண்டுபோய் விடலாம் என்றால், பார்மசியில் என் வேலை இரவு பதினொன்றுக்கு முடிகிறது. அக்கா ஏற்கனவே ஓட்டப் பழகி லைசன்ஸ் எடுத்து வைத்திருந்தார். கார் ஒன்று இருந்தால் காரியம் முடிந்தது.

கார்கள் வந்தன. ஒன்றில் துரு என்றார் அண்ணை, சரி. அடுத்ததில் துருவே இல்லை. துரு இல்லாததுதான் சந்தேகமாம், எதையோ பூசி மறைத்திருக்கிறார்களாம். மூன்றாவது காரை விற்க வந்தவன் அளவுக்கு மிஞ்சிச் சிரித்தானாம், அதனால் வேண்டாமாம். எண்ணெய்ச் செலவு இல்லையே, மின்சாரக் கார் ஒன்று எடுத்தால் என்ன என்று அக்கா கேட்டதும் மனிதன் துள்ளிக் குதித்தார்.

"பனிக்குள்ளை பாதி வழியில நிண்டிடும். பற்றறி செத்துதெண்டா காரைத் தூக்கி எறியவேண்டியதுதான். சும்மா இரும், நான் ஷிப்ட் மாத்திக் கேக்கிறன்."

கேட்கவில்லை. ஐப்பசி பிறந்துவிட்டது. ஒருநாள் அக்கா என் குசினிக்கு வந்து கதிரையில் இருந்து அழுதார். "இருவது வருசமா மற்றவை சொல்லச் சொல்ல வெங்காயம் வெட்டினனான், கஜந்தினி. ஒருக்காவெண்டாலும் நான் சொல்லி ஆரும் வெட்டவேணும்," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்றவர்களுக்குக் கார் பார்க்கும்போது இந்த மனிதனுக்குப் பொய் வாயில் வராது. அப்படியென்றால் மற்றவர்களுக்கே பார்க்கட்டும் என்று முடிவுசெய்தேன்.

மறுநாள் அண்ணை வீட்டு முன்பக்கம் இலை கூட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பிளை பழைய மின்சாரக் கார் ஒண்டு எடுக்கப்போறா. பாத்துத் தருவியளோ?"

"ஆரெண்டு சொல்லாதை, பிள்ளை. எவ்வளவு தூரம் ஓடுறவ?"

"இஞ்சையிருந்து சென் லோரோனுக்குப் போய் வாற தூரம்தான்."

"கார் எங்கை நிக்கும்?"

"வீட்டு முன்னுக்கு. வெளிச்சுவரில பிளக் கிடக்கு."

"இப்ப என்னெண்டு வேலைக்குப் போறா?"

"மனுசன் ஏத்தி இறக்கிறார். அவ லைசன்ஸ் எடுத்திட்டா. மனுசன்தான் எந்தக் காரைப் பாத்தாலும் நொட்டை சொல்லித் தட்டிக்கழிக்கிறாராம்."

அண்ணை விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து, வீட்டுச் சுவரில் சாய்ந்தார். "அவனுக்கென்ன விசரே?" என்றார்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் சாய்ந்து நின்றதே அந்த வெளிச்சுவரில்தான், பிளக் அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. சிரிப்பும் வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. ஒரு பெண்ணின் நாளை அப்படியே எடுத்து வைத்தும் அது தன் வீட்டுக்காரி என்று ஒரு மனிதனுக்கு விளங்கவில்லையே.

ஆனால் வேலையில் குறை சொல்லமாட்டேன். எண்ணெய் மணமும் இயந்திரச் சத்தமும் இல்லாத காரை எப்படிப் பார்ப்பது என்று அண்ணைக்குத் தெரியாது. பெயர் கெட்டுவிடும் என்ற பயத்தில் குந்தியிருந்து படித்தார். வேலையால் வந்து சாப்பிட்டதும் சாப்பிடாததுமாக வீடியோவுக்கு முன்னால். பற்றறியின் நிலைமையைப் படித்துச் சொல்லும் சின்னக் கருவி ஒன்றைத் தன் காசில் வாங்கினார். பக்கத்தில் இருந்து அக்கா, வெளியூரில் இருக்கும் மகளோடு போனில் கதைத்தபடி சட்டை மடித்துக்கொண்டிருப்பாராம்.

கடைசியில் லொங்குய்யில் ஒரு கார் அகப்பட்டது. ஏழு வருடம் ஓடிய சின்ன நீலக் கார், விற்றவர் வெள்ளை மீசை வைத்த ஓய்வுபெற்ற வாத்தியார். முதல் நாளே முழுதாகச் சார்ஜ் போட்டு, இரவு வெளியில் குளிருக்குள் விட்டுவைக்கவேண்டும் என்று அண்ணை என்னைக்கொண்டு சொல்லுவித்தார்.

போனதும் பழக்கதோஷத்தில் பொனெற்றில் காது வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு அட்டையைப் போட்டு அடியில் புகுந்தார். எண்ணெய் பூசிப் பராமரித்திருந்ததால் அடிப்பாகம் நன்றாக இருந்தது. பிறேக் தட்டுகளில் துரு இருந்தது. இந்தக் கார்களில் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிறேக்குக்கு வேலை குறைவு, துரு பிடிக்கும், துடைத்து எண்ணெய் வைத்தால் சரி என்று எனக்கு வகுப்பெடுத்தார். கருவியைச் செருகிப் பற்றறியைப் படித்தார். ஹீற்றரை முழுதாகப் போட்டு, பாலத்தைத் தாண்டிப் போய் வந்து, எவ்வளவு சார்ஜ் இறங்கியது என்று பார்த்தார்.

நான் சும்மா இருப்பேனா?

"அண்ணை, பனிக்குள்ளை பாதி வழியில நிண்டிடுமாமே?"

"ஆர் சொன்னது?"

"ஒரு ஆள் சொன்னவர். காரைப்பற்றித் தெரிஞ்சவராம்."

"அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது! கடுங்குளிருக்கு ஓடுற தூரம் மூண்டிலொண்டு குறையும், சிலவேளை கூடவும் குறையும். குறையட்டுமன்! அந்தப் பொம்பிளை ஓடுறது அதில கால்வாசி. இரவில பிளக்கைப் போட்டிட்டுப் படுத்தா காலமை நிறைஞ்சு நிக்கும்."

"பற்றறி செத்தா?"

"இது சாகிற பற்றறியோ? இஞ்சை பார், எண்பத்தெட்டு வீதம் இருக்கு. வாயில வந்ததைச் சொல்லித் திரியிற ஆக்களோட கதைக்காதை, பிள்ளை."

ஒவ்வொன்றையும் அக்காவுக்குக் கேட்கவைக்கத் தொலைபேசியில் பதிந்துகொண்டேன். பிறகு அண்ணை தன்னுடைய நாலு பிரெஞ்சுச் சொற்களையும் எடுத்து வாத்தியார்மேல் ஏவினார். விலை இறங்கியது. அதோடு விடவில்லை. கொட்டிலுக்குள் பனி ரயர்கள் நாலு, சில்லோடு சேர்த்து அடுக்கியிருந்ததைக் கண்டுவிட்டார். ரயரின் பக்கத்தில் அச்சடித்த வருடத்தைக் குனிந்து வாசித்துவிட்டு, அதையும் காரோடு தரவேண்டும் என்று நின்றார். கூடப்பிறந்த தங்கைக்குச் சீதனம் பேசியிருந்தாலும் இப்படிப் பேசியிருக்கமாட்டார். திரும்பும் வழியில், "இதை விட்டா அந்தப் பொம்பிளைக்கு மூளை பிழை," என்றார்.

பொம்பிளை விடவில்லை. காசு, காப்புறுதி எல்லாம் அக்கா தானே பார்த்துக்கொண்டார். அடுத்த வெள்ளி, லைசன்ஸ் அலுவல் இருக்கிறது, லொங்குய்யில்தான் நேரம் கிடைத்தது என்று அண்ணையைக்கொண்டே வாகனப் பதிவு அலுவலகத்துக்குக் கார் ஓட்டுவித்தார். நானும் பின் ஆசனத்தில் ஏறிக்கொண்டேன், விட்டுவிட்டு வீட்டில் இருக்க என்னால் முடியுமா?

உள்ளே வெள்ளை மீசை வாத்தியார் எழுந்து நின்று கையை ஆட்டினார். அண்ணையும் ஆட்டினார். "அந்தப் பொம்பிளையும் இண்டைக்கோ வாறா?" என்று என்னிடம் ஆவலாகக் கேட்டார். அக்கா நேரே போய் வாத்தியாருக்குக் கை கொடுத்தார். வாத்தியார் அண்ணையைக் காட்டி, இந்த ஆளிடம் கவனமாக இருங்கள், என் கொட்டிலையே காலிபண்ணிவிட்டார் என்று பிரெஞ்சில் முறையிட்டார். கார்டெரிப் பிள்ளைகளோடு பேசிப் பழகிய பிரெஞ்சில் அக்கா, "இவர் என்னுடைய கணவர்," என்றார்.

அண்ணை அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாய் திறந்தது, ஏதாவது ஒரு குறையைத் தேடியிருக்கவேண்டும். துரு, குளிர், பற்றறி, பிறேக் எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொல்லி முடித்திருந்தார். பக்கத்துக் கதிரையில் போய் இருந்தவர், கடதாசி அலுவல் முடியும்வரை எழும்பவே இல்லை.

வெளியே வந்து நீலக் காருக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் பேசினார்.

"காலமை அந்த அரை மணித்தியாலம்தான் எனக்கு இருக்கிறது, இந்திரா. வீட்டை வந்தா நீர் மகளோட போனில, நான் ரீவியில. காருக்குள்ளைதான் உம்மட கதை எனக்குக் கேக்கும். அதுவும் போச்செண்டா நான் என்ன செய்யிறது?"

சிரிக்கவென்று வந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவுக்குக் கலங்கவில்லை.

"அதை வாயால சொல்லுறதுக்கென்ன? ஏன் பற்றறியில பழியைப் போட்டனீங்கள்? எனக்கு அந்த வேலை வேணும். திங்கக்கிழமை ஆறு மணிக்கு அந்தக் கதவை நான்தான் திறப்பன்."

அண்ணை தலையை ஆட்டினார். தன் பழைய காரிலிருந்து நாலு தேசிக்காய் எடுத்து வந்தார். யாருக்குப் புதுக்கார் வந்தாலும் வைக்கவென்று எப்போதும் வைத்திருப்பவைதான். ஒவ்வொரு ரயருக்கும் முன்னால் ஒன்றாக வைத்தார், வாத்தியார் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் கார்த் திறப்பை என் கையில் தந்துவிட்டு, நீலக் காரின் பக்கத்து ஆசனத்தில் ஏறி இருந்து பெல்ற்றைப் போட்டுக்கொண்டார். அக்கா தேசிக்காய்களை நசித்துக்கொண்டு புறப்பட்டார்.

நான் பின்னால் போனேன். பாலத்தில் ஒரே வாகன நெரிசல். முன்காரில் இரண்டு தலையும் அசையாமல் இருந்தன. உள்ளே நடந்ததை அக்கா அன்று பின்னேரம் வந்து சொன்னார்.

"எனக்கு ஓடேக்கை கதைக்க ஏலாது, பயமாக் கிடக்கு. இண்டைக்கு நீங்கள் கதையுங்கோ," என்றிருக்கிறார் அக்கா. அண்ணை மெல்லத் தொடங்கினாராம்.

"கிடங்கில ஒருத்தரும் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை. எல்லாரும் காதில எதையோ கொழுவிக்கொண்டு நிக்கிறாங்கள். பெட்டி நம்பர் சொல்லுற மெசின்தான் என்னோட கதைக்கும். காலமை நீர் சொன்னதை நினைச்சு நினைச்சுத்தான் பின்னேரம்வரை பொழுதை ஓட்டுறன்."

"இவ்வளவு காலமும் ஒருக்காவெண்டாலும் இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டிருக்கிறார் அக்கா.

"நீர் எங்கையப்பா என்னைக் கதைக்க விட்டனீர்?" என்றாராம் அண்ணை.