பத்துக்கு மேல் போகாத அம்மா

என் புருஷன் ஹரீஷை நல்லவன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லவன்தான். யாரும் கேட்காமலே உதவி செய்கிற நல்லவன். அப்படிப்பட்ட நல்லவர்களை நாலு அறை விடலாம் என்று சட்டம் வந்தால், முதல் ஆளாக நான்தான் கையை ஓங்கிக்கொண்டு நிற்பேன்.

என் அம்மா பிலிஸ், வடக்கே கட்கியில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். ஃபீஸ் ரசீது, டிசி, சம்பளப் பட்டியல் என்று தலை நிமிர நேரமில்லாத வேலை. பக்கத்து நாற்காலியில் இருந்தவள் நஸ்ரின் ஆன்ட்டி, ஆம்பூர்க்காரி. ஒரு மே மாத லீவில் இரண்டு பேரையும் சும்மா ஆபீசைக் காக்க உட்கார வைத்திருந்தார்கள். பொழுது போகாமல், பையன்களிடம் பிடுங்கி பீரோவில் போட்டிருந்த பகடை விளையாட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார்கள். தடித்த விதிப் புத்தகம், பல முகம் வைத்த பகடைகள். வீரன், மந்திரவாதி என்று ஆட்களை வைத்துக்கொண்டு, சண்டை போட்டுப் புள்ளி சேர்த்து, லெவல் லெவலாக ஏறுகிற ஆட்டம். லீவு முடிவதற்குள் இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. பின்னால் அதே விதிகளை வைத்துச் செய்த கம்ப்யூட்டர் கேம் கிடைத்ததும் கேட்கவே வேண்டாம்.

அந்த ஆட்டத்தில் பத்தாவது லெவலோடு சரி. புத்தகத்தில் அப்படி, கேமிலும் அப்படியே. அதற்குப் பிறகு எத்தனை பூதத்தைக் கொன்றாலும் புள்ளி ஏறும், லெவல் ஏறாது. கடைசியில் ஒரு டிராகன். பத்தை வைத்துக்கொண்டே அதை அடிக்க வேண்டும். யார் முதலில் அடிப்பது என்று இரண்டு பேருக்கும் போட்டி.

நஸ்ரின் ஆன்ட்டி ரிட்டயர் ஆகிவிட்டாள். நாள் முழுக்க விளையாடலாம். அம்மாவுக்கோ சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான். ஆனாலும் அம்மா அசரவில்லை.

"அவ எவ்வளவு வெளையாண்டாலும் பத்துதாம்ட்டி. நானும் பத்து. இனி மூளைதான்" என்பாள்.

ஆபீசிலும் வீட்டிலும் அவளுக்கு அப்படியொரு நியாயம் கிடைத்து நான் பார்த்ததே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீடு இருக்கிற ஔந்திலிருந்து நானும் ஹரீஷும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். அம்மாவும் நானும் சர்ச்சுக்குக் கிளம்பினோம். அவன் வீட்டிலேயே இருந்தான். அம்மாவின் லேப்டாப்பும், சார்ஜில் போட்டிருந்த போனும் அவனோடு இருந்தன. திரும்பி வந்தால் வாசலிலேயே நிற்கிறான்.

"அத்தை, சர்ப்ரைஸ்! புள்ளியெல்லாம் வேஸ்டாப் போயிட்டிருந்துச்சுங்க. நெட்டுல ஒரு ஃபைல் எடுத்து அந்த லிமிட்டையே தூக்கிட்டேன். உங்க ஆளுக ஆறு பேரும் இப்ப பத்தொம்பது! டிராகன் ரெண்டே அடில காலிங்க. உங்க போன்லேருந்து நஸ்ரின் ஆன்ட்டிக்கு போட்டோகூட அனுப்பிட்டேன்."

"பழைய ஆட்டம் எங்க மாப்ள?"

"சும்மா எடத்த அடைச்சுட்டு இருந்துச்சு. அழிச்சுட்டேனுங்க."

பல வருஷத்து ஆட்டம்! அம்மா பைபிளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தாள். நஸ்ரின் ஆன்ட்டி ஒரே வார்த்தை அனுப்பியிருந்தாள்: பத்தொன்பதா?

அம்மா உடனே அவளைக் கூப்பிட்டாள். "ஆமாக்கா, நாந்தான் மாத்தினேன். செயிக்கணும்னு ஒரு ஆச" என்றாள். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "எதுக்கும்மா பொய் சொன்ன?" என்று கத்தினேன். அம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"வாய மூடுட்டி. மாப்ளய வெளிய விட்டுக்குடுக்க முடியுமா? வேற மதத்துப் பையன்னு ஒங்க கல்யாணத்துக்கே சர்ச்சுல ஆளாளுக்குப் பேசினது போதாதா?"

மாப்பிள்ளையாம், மரியாதையாம்! அந்த மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து அம்மா சுட்ட ஆப்பத்தை நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு நஸ்ரின் ஆன்ட்டி போனை எடுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலங்களில் அம்மா துணிக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டாள். ஒருநாள் கட்கி பஜாரில் நானும் அம்மாவும் நடந்துகொண்டிருந்தோம். எதிரே வந்த நஸ்ரின் ஆன்ட்டி எங்களைப் பார்த்ததும் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டாள். அம்மா கொத்தமல்லி விலை கேட்டாள். எனக்கு அங்கேயே நின்று அழவேண்டும் போல இருந்தது.

வீட்டுக்குப் போய் ஹரீஷிடம் சொன்னேன். "வெறும் கேம்தானே, எதுக்கு இவ்ளோ டென்ஷன்?" என்றான்.

"வண்டிய எடு" என்றேன். என் மூஞ்சியைப் பார்த்ததும் எடுத்துவிட்டான்.

நஸ்ரின் ஆன்ட்டி கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நிற்க வைத்தே அவனை எல்லாவற்றையும் சொல்ல வைத்தேன்.

"அப்ப பிலிஸ் ஏன் தன் மேல போட்டுக்கிட்டா?" என்று கேட்டாள் ஆன்ட்டி.

"இவன் மாப்பிள்ளையாச்சே, ஆன்ட்டி."

அவள் ஹரீஷைப் பார்த்தாள். "தம்பி, நா நாள் பூரா சும்மா இருக்கறவ. அவளுக்கு வாரத்துல ஒரு சாயங்காலம். அந்தப் பத்து இல்லேன்னா அவளும் நானும் எப்படிப்பா ஒண்ணா வெளையாட முடியும்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு இரக்கமே வரவில்லை.

ஆன்ட்டி போனை ஸ்பீக்கரில் போட்டாள். "ஏய் பிலிஸ், பாகல் ஆயிட்டியா, பைத்தியமா உனக்கு? உன் மாப்பிள்ள பண்ண கூத்துக்கு நீ ஏன் திருடிப் பட்டம் கட்டிக்கிட்ட?"

"ஐயோ, அலினா அங்கயா நிக்கா? மாப்ளய இழுத்துட்டு வந்துட்டாளா? வீட்டுக்கு வரட்டும், அவளுக்கு இருக்கு!" என்று அம்மா சீறினாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "எல்லாம் போச்சுக்கா. நான் இனி ஒண்ணுலேர்ந்து தொடங்கணும். எத்தன வருசம் ஆவுமோ. நீங்க டிராகன அடிச்சி முடிச்சிருங்க."

"அதெல்லாம் அடிக்க மாட்டேன். நீ ஆரம்பி."

"நீங்க என்னக்கா செய்வீங்க?"

"பத்துலயே நிக்கிறேன். அதுக்கு மேல நா எங்கடி போயிடுவேன்? நீ வா."